டீவி கேம் கம்பியூட்டர் இல்லையென்று யார் சொன்னது?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இந்த நாட்டில் எத்தனை பேருக்குக் கணினி அறிவு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறது. அவர்களுடைய வரைவிலக்கணம் இதுதான்: 5 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட ஒருவர் தானாகவே ஒரு கணினியைப் பாவிக்கத் தெரிந்தவர் என்றால் அவர் கணினி அறிவுள்ளவர். உதாரணமும் தந்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை கணினியில் ஒரு கேம் விளையாடினாலே போதும், அந்தப் பிள்ளையும் கணக்கில் சேரும். பிறகு நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்து வீதம் போடுவார்கள். கடைசியில் நிற்பது தோட்டம்.

கேம் விளையாடினால் போதும் என்றால் நாங்கள் எப்பவோ பாஸ் பண்ணிட்டோம்.

எங்கள் அண்ணன்மார் காலத்திலும் எங்கள் சின்ன வயதிலும் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து லயங்களில் யாராவது ஒருவர் வீட்டில் டீவி கேம் இருக்கும். கொழும்புக் கடையில் வேலைக்கு நின்றவர் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவந்தது. பெட்டி ஒன்று, ஜொய்ஸ்டிக் இரண்டு, மஞ்சள் நிறக் கசெட். கசெட்டின் மேல் 9999 கேம் என்று போட்டிருக்கும், உள்ளே பத்துப் பன்னிரண்டுதான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். மரியோ, கொன்ட்ரா, டாங்கி. பிள்ளைகள் வரிசையில் காத்திருந்து விளையாடினோம். ஆனால் கணக்கெடுக்க வருகிறவர் "வீட்டில் கம்பியூட்டர் இருக்கா" என்று கேட்டால், மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருக்கிறதா என்றுதான் அர்த்தம். டீவி கேமைத் தூக்கிக் காட்டினால் சிரித்துவிட்டு "இல்லை" என்று எழுதிக்கொண்டு போவார்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். நின்டென்டோ 1983 இல் ஜப்பானில் விற்க ஆரம்பித்த ஃபெமிக்கொம் என்ற கருவியின் நகல் அது. தாய்வான்காரர்களும் சீனாக்காரர்களும் அதைப் பார்த்துச் செய்து உலகம் பூராவும் அனுப்பினார்கள். ரஷ்யாவில் டென்டி என்று விற்றார்கள், இந்தியாவில் வேறு பெயர்கள், எங்களுக்கு வெறும் டீவி கேம். அதன் மூளை 6502 என்ற சிப்பின் வழிவந்தது. எம்.ஓ.எஸ். டெக்னொலஜி என்ற அமெரிக்கக் கொம்பனி 1975 இல் வெறும் 25 டொலருக்கு விற்ற சிப் அது. மற்றவர்களின் சிப்கள் நூற்றுக்கணக்கான டொலர் விலை போன காலம். அப்பிள் 2 இல் இருந்ததும் அதுதான். பிபிசி மைக்ரோவில் இருந்ததும் அதுதான். கொமடோர் 64 இல் இருந்தது அதன் தம்பி, அட்டாரி 2600 இல் இருந்தது அதன் இன்னொரு தம்பி. மேற்கு நாடுகளில் "நான் கம்பியூட்டர் படித்தது அதில்தான்" என்று இன்றைக்கு வயதானவர்கள் கண்கலங்கிச் சொல்கிற மெஷின்களுக்கும், மடுல்சீமை லயத்தில் கடதாசிப் பெட்டிக்குள் கிடந்த டீவி கேமுக்கும் மூளை ஒரே குடும்பம். ஒன்றுக்குக் கணினி என்று பெயர், மற்றதற்கு விளையாட்டுச் சாமான் என்று பெயர். பெயர் வைத்தது சிப் இல்லை.

சீனாவில் சுபோர் என்ற கொம்பனி இதே கருவிக்கு ஒரு விசைப்பலகையைப் பூட்டி, படிப்பு மெஷின் என்று பெயர் வைத்து, ஜாக்கி சானை வைத்து விளம்பரம் செய்தது. அம்மா அப்பா நம்பி வாங்கிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதிலும் மரியோதான் விளையாடினார்கள் என்பது வேறு விசயம்.

எங்கள் சண்டை பெயரோடு மட்டும் இல்லை. பாவிக்கத் தெரிந்தால் அறிவு, கழற்றினால் குழப்படி என்கிற பிரிப்போடுதான் சண்டை. டீவி கேமில் முதலில் பழுதாவது ஜொய்ஸ்டிக். அதைத் திறந்த பிள்ளைக்கு வீட்டில் கிடைத்தது "ஏன்டா இத போட்டு நோண்டுற, ஒடச்சிட்டியா" என்ற ஏச்சு. கொழும்பில் காசு கட்டிப் படிக்கிற பிள்ளை அதையே திறந்தால் அதற்கு ரொபோடிக்ஸ் கிளப் என்று பெயர், சான்றிதழ் கொடுப்பார்கள், படம் பிடித்துப் போடுவார்கள்.

அந்தப் பிள்ளை உண்மையில் என்ன கண்டது? நான்கைந்து ஸ்குரூவைக் கழற்றினால் உள்ளே ஒரு சின்னத் தகடு, அதன் மேல் ரப்பர். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ரப்பர் குமிழில் ஒரு கறுத்த கார்பன் பொட்டு. அமுக்கினால் அந்தப் பொட்டு தகட்டில் இருக்கிற இரண்டு கோடுகளையும் தொட்டு இணைக்கிறது. விட்டால் பிரிகிறது. பட்டன் என்பது அவ்வளவுதான். கார்பன் தேய்ந்தால் பட்டன் செத்துவிடும். பென்சில் கரியை அந்தப் பொட்டில் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும். சிகரட் பெட்டி வெள்ளித்தாளை வட்டமாக வெட்டி ஒட்டினால் இன்னும் கொஞ்சம் ஓடும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்களில் சிலருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

இன்னும் கொஞ்சம் போவோம். ஜொய்ஸ்டிக்கில் எட்டுப் பட்டன், ஆனால் ஃபெமிக்கொம் முறையில் வேலைக்கு வேண்டியது ஐந்தே கம்பி. எட்டு எப்படி ஐந்துக்குள் போகும்? கரண்டுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று. மிச்சம் மூன்று. மெஷின் ஒரு கம்பியில் "இப்ப எல்லாரும் இருக்கிற மாதிரியே நில்லுங்க" என்று சொல்கிறது. ஜொய்ஸ்டிக்குக்குள் இருக்கிற சிப் எட்டுப் பட்டனின் நிலைமையையும் அந்தக் கணத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டாவது கம்பியில் மெஷின் தட்டத் தட்ட, மூன்றாவது கம்பி வழியாக ஒவ்வொரு பட்டனின் பதிலும் வரிசையாக வருகிறது. ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேலே, கீழே, இடது, வலது. பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவர்.

இதைத் தெரிந்துகொண்டால் பழுதை வைத்தே உள்ளே என்ன நடந்தது என்று சொல்லலாம். ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரப்பரைப் பார். எல்லாமே ஒரேயடியாகச் செத்தது என்றால் பட்டனில் கை வைக்காதே, வயரைப் பார். அநேகமாக ஜொய்ஸ்டிக்கின் கழுத்தில், மடிந்து மடிந்து அறுந்திருக்கும். இப்படி யோசிப்பதற்குப் பெயர் அறிவு இல்லையென்றால், வேர்டில் கடிதம் டைப் பண்ணி மார்ஜின் வைப்பதற்குப் பெயர் என்ன?

பழைய வீட்டுக் கம்பியூட்டர்களில் கதை வேறு மாதிரி. அட்டாரி 2600 ஐ 1977 இல் வெளியிட்டபோது 9 பின் சொக்கெட் ஒன்று வைத்தார்கள். ஒரு திசைக்கு ஒரு கம்பி. 1 மேலே, 2 கீழே, 3 இடது, 4 வலது, 6 சுடுகிற பட்டன், 8 தரை. அமுக்கினால் அந்தக் கம்பி தரையோடு ஒட்டும். இங்கே இடது பக்கக் கம்பி அறுந்தால் இடது மட்டும்தான் போகும், மற்றவை ஓடும். இதே சொக்கெட்டைக் கொமடோர் 64 எடுத்துக்கொண்டது, அமிகாவும் எடுத்துக்கொண்டது, அட்டாரி எஸ்.டி.யும் எடுத்துக்கொண்டது. எங்கள் டீவி கேம்களில் பலவற்றிலும் அதே அச்சில் 9 பின் சொக்கெட்தான். முகம் ஒன்று, உள்ளே ஓடுகிற கம்பி வேறு. ஒன்றின் ஜொய்ஸ்டிக்கை மற்றதில் குத்தினால் அழகாகப் போய் உட்காரும், வேலை செய்யாது. சில சேர்க்கைகளில் சிப்பே எரிந்தும் போகலாம். சொக்கெட் பொருந்துது என்பதற்காகக் குத்தாதே என்பது எந்த பாஸிடம் வேலை பழகப் போனாலும் முதல் நாள் கிடைக்கிற பாடம்.

கொமடோர் 64 இல் ஒரு வேடிக்கை. ஒன்றாம் சொக்கெட்டின் கம்பிகள் விசைப்பலகையின் கம்பிகளோடு பங்கு. அதில் ஜொய்ஸ்டிக்கைக் குத்தி அசைத்தால், விசைப்பலகையைத் தொடாமலே திரையில் எழுத்து விழும். கம்பி மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை. அதனால்தான் அந்த மெஷினின் கேம்கள் அநேகமாக இரண்டாம் சொக்கெட்டைக் கேட்கும். அங்கே யாரும் எதையும் தொடாதபோது 56320 என்ற இடத்தை வாசித்தால் 127 வரும். சுடுகிற பட்டனை அமுக்கினால் 111. அமுக்கினால் கூடத்தானே வேண்டும், ஏன் குறைகிறது? அமுக்காதபோது கம்பி 1, அமுக்கினால் தரையோடு ஒட்டி 0. அந்தப் பட்டனின் பங்கு 16, அது கழிந்துபோகிறது. ஸ்பெக்ட்ரத்துக்கு வந்த கெம்ப்ஸ்டன் இணைப்பு இதற்கு நேர் எதிர். அமுக்காவிட்டால் 0, அமுக்கினால் 1, சுடுவதற்கு 16. ஒரே ஜொய்ஸ்டிக், ஒரே விரல், ஒரே அமுக்கல். ஒரு மெஷினுக்கு அது இல்லை, இன்னொரு மெஷினுக்கு அது ஆம்.

சாதாரண தரத்துத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் தர்க்கப் படலைகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. நொட் படலை: 0 போனால் 1 வரும், 1 போனால் 0 வரும். அட்டவணையைப் பாடமாக்கி எழுதினோம், புள்ளி கிடைத்தது. கணினித் தலைமுறைகளையும் பாடமாக்கினோம், வெற்றிடக் குழாயில் தொடங்கி. அந்த 0 எங்கே இருக்கிறது, அந்த 1 ஐத் தொட்டுப் பார்க்கலாமா என்று யாரும் கேட்கவுமில்லை, காட்டவுமில்லை. செத்த ஜொய்ஸ்டிக் ஒன்றும் மல்டிமீட்டர் ஒன்றும் இருந்தால் ஒரு பாடவேளையில் காட்டலாம்.

பாடசாலைப் பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. எங்களில் நாலு பேர் நாலு பாடசாலையில் படித்தவர்கள், கதை ஒன்றுதான். கணினி அறை என்றால் கதவில் பூட்டு, சாவி அதிபரிடம், வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், மெஷின்களுக்கு மேல் பூப்போட்ட துணி. கிழமைக்கு ஒரு பாடவேளை, ஒரு மெஷினுக்கு ஐந்தாறு பேர், மவுஸ் பிடிப்பது எப்போதும் வகுப்புத் தலைவர். பழுதான மெஷினை யாரும் திறக்கக் கூடாது. மூலையில் அடுக்கி, சொத்துப் பதிவேட்டில் இலக்கம் எழுதி, தூசு பிடிக்க விடுவார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லி முடித்துவிடவும் மனம் வரவில்லை. பதிவேட்டில் இருக்கிற ஒன்றைக் காணவில்லை என்றால் சம்பளத்தில் வெட்டுவார்களோ என்ற பயத்தோடு வேலை செய்கிற மனிதரிடம் "சேர், இத கழட்டிப் பார்ப்போமா" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? பயம் மேலே இருந்து வருகிறது. ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கட்டுவது பின்வாங்கில் இருக்கிறவன்.

1982 இல் பிரித்தானியாவில் பிபிசி ஒரு கணினி எழுத்தறிவுத் திட்டத்தை ஆரம்பித்தது. அதற்காகவே செய்த மெஷின்தான் பிபிசி மைக்ரோ. அதன் பின்பக்கத்தில் 15 பின் சொக்கெட் ஒன்று, நான்கு அலைவரிசையில் மின்னழுத்தத்தை அளந்து இலக்கமாக்கித் தரும். ஜொய்ஸ்டிக்கும் குத்தலாம், வெப்பம் அளக்கிற கருவியையும் குத்தலாம். பிள்ளைகள் தாங்களே செய்த சுற்றுகளைக் குத்துவதற்கென்றே கீழே இன்னொரு சொக்கெட். 1984 இல் இந்தியா தன்னுடைய பாடசாலைக் கணினித் திட்டத்துக்கும் அந்த மெஷினையே எடுத்தது. எழுத்தறிவு என்ற அதே சொல்லைத்தான் நாங்களும் பாவிக்கிறோம். அங்கே அதற்குள் கம்பியும் நிரலும் இருந்தன. இங்கே ஐந்து வயதுப் பிள்ளை கேம் விளையாடினால் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வீதத்தைக் கூட்டிக் காட்டுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. அப்படிக் குனிந்து வைத்த கோட்டைக்கூட தோட்டம் தாண்டவில்லை என்றும் சொல்கிறார்கள்.

"கலைப்பீடத்தில் படிக்கிற உங்களுக்கு எதுக்கு சோல்டரிங் அயன்?" இந்தக் கேள்வி எங்களுக்குப் பழகிவிட்டது. நாங்கள் படிப்பது வரலாறும் சமூகவியலும் தமிழும். அதனால்தான் இது எங்கள் கண்ணில் படுகிறது. 1977 இல் அட்டாரி ஜொய்ஸ்டிக்குக்கு ஒரே ஒரு பட்டன். அப்போது அது போதும் என்று நினைத்தார்கள். அதே சொக்கெட்டைப் பத்துப் பன்னிரண்டு வருசம் எல்லாரும் பின்பற்றினார்கள். அதனால் அந்த மெஷின்களின் ஓட்டக் கேம்களில் குதிப்பதற்குத் தனிப் பட்டன் இல்லை, ஜொய்ஸ்டிக்கை மேலே தள்ளினால்தான் குதிக்கும். பிறகு மவுஸ் வந்தது, அதற்கு இரண்டு பட்டன். இரண்டாவதை எங்கே கட்டுவது? கொமடோரின் 1351 மவுஸில் வலது பட்டனை "மேலே" என்கிற கம்பியில் கொண்டுபோய்க் கட்டினார்கள். அமிகாவில் வேறு வேலைக்கு வைத்திருந்த 9 ஆம் பின்னில் கட்டினார்கள். அட்டாரி எஸ்.டி.யில் மவுஸின் வலது பட்டனும் இரண்டாவது ஜொய்ஸ்டிக்கின் சுடுகிற பட்டனும் ஒரே கம்பி. ஒருவர் சுட்டால் மற்றவர் கிளிக் பண்ணியதாகத் தெரியும். 1986 இல் சிங்க்ளெயரை வாங்கிய அம்ஸ்ட்ராட் கொம்பனி, புதிய ஸ்பெக்ட்ரத்தில் சொக்கெட் அச்சை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே பின்களை மட்டும் இடம் மாற்றியது. சந்தையில் இருந்த சாதாரண ஜொய்ஸ்டிக் அதில் ஓடாது, அவர்களுடையதைத்தான் வாங்க வேண்டும். பார்க்கிறவனுக்கு அது சும்மா 9 ஓட்டை. கம்பியைப் பின்தொடர்ந்து போனவனுக்குத்தான் அது வியாபாரம் என்று தெரியும். இயற்கை மாதிரித் தெரிகிற ஒன்றை யாரோ ஒருவர் ஒரு நாள் முடிவெடுத்தார் என்று காட்டுவதற்குத்தானே நாங்கள் கலைப்பீடத்துக்குப் போனோம்?

இன்னொரு மறுப்பு இருக்கிறது, அது கொஞ்சம் கனமானது. "தோட்டத்துக்கு எப்பவும் பழசுதான். பழைய உடுப்பு, பழைய புத்தகம், வங்கியில் கழித்துவிட்ட பழைய கம்பியூட்டர். இப்ப நீங்களும் வந்து குப்பையில் படிங்கடா என்கிறீங்களா?" எங்கள் கூட்டத்திலேயே ஒரு தோழி இதைக் கேட்டார், கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபம் நியாயம். நாங்கள் புதிய மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. புதியதும் வேண்டும், இணையமும் வேண்டும், வருசம் முழுக்க ஒரு ஆசிரியரும் வேண்டும். ஆனால் புதிய மெஷினைத் திறக்க விடமாட்டார்கள், திறந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இன்றைய போனின் பட்டன் ஒரு கண்ணாடி. அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாது. ஜொய்ஸ்டிக்கில் முடியும். அதை நாங்கள் கேட்பது மலிவு என்பதற்காக இல்லை, அது வெளிச்சமாக இருக்கிறது என்பதற்காக. மலிவாகவும் இருக்கிறது என்பது லாபம்.

அதே தோழி சொன்ன மற்றதையும் எழுதியாக வேண்டும். டீவி கேம் இருந்த வீட்டில் இரண்டாவது ஜொய்ஸ்டிக்தான் தங்கச்சிக்கு, அதாவது பட்டன் செத்தது. பழுது பார்க்கத் திறந்தபோது டோர்ச் பிடித்தது அவள், ஸ்குரூ டிரைவர் பிடித்தது அண்ணன். பிறகு அவன் பதுளை பசார் வீதியிலோ பண்டாரவளையிலோ ஒரு கடையில் போன் திருத்தப் பழகப் போனான், அவள் கார்மன்டுக்குப் போனாள். எங்கள் அண்ணன்மாரைக் கொண்டாடி எழுதும்போது டோர்ச் பிடித்த கையை விட்டுவிடக் கூடாது. இனிமேல் செய்கிற எதிலும் முதல் ஸ்குரூவைக் கழற்றுவது அவளாக இருக்கட்டும்.

"இப்ப ஏ.ஐ. வந்துட்டு, இன்னும் ஜொய்ஸ்டிக்கா" என்பவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பட்டன் எப்படி 0 ஆகிறது என்று தெரியாமல் ஏ.ஐ. பற்றி மூன்று நாள் செயலமர்வு வைத்து, டீ-சேர்ட் கொடுத்து, குழுப்படம் எடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம்.

நாங்கள் கேட்பது பெரிய காசு இல்லை. ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக் கணினி அறையிலும் பதிவேட்டிலிருந்து கழித்த ஒரு மெஷினாவது திறக்கிறதுக்கென்றே இருக்க வேண்டும், அது உடைந்தால் யாருடைய சம்பளத்திலும் வெட்டக் கூடாது, இதை வலயக் கல்விப் பணிமனை எழுத்தில் தர வேண்டும். ஒரு மல்டிமீட்டர், இரண்டு ஸ்குரூ டிரைவர், ஒரு சோல்டரிங் அயன். பசறை வீதியில் 2005 இலிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அதன் வாசலைப் பஸ் யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அங்கே கணினி படிக்கிற மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மேலே ஏறி வந்தால் மிச்சம் நடக்கும். நகரத்துப் போன் கடை அண்ணன்மாரையும் கூப்பிட வேண்டும், வளவாளர் என்று பெயர் போட்டு, வளவாளருக்குரிய கொடுப்பனவோடு.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. 5 வோல்ட் சாமான்களை மட்டும் திறவுங்கள், வயரைக் கழற்றிவிட்டு. பழைய குண்டு டீவியின் பின்பக்கத்தைத் திறக்கவே வேண்டாம், நிறுத்தி வைத்தாலும் அதற்குள் ஆளைக் கொல்கிற அளவு மின்னழுத்தம் தங்கி நிற்கும். இடது பட்டன் சரியாக வேலை செய்யாத, ஒரு தரம் அமுக்கினால் இரண்டு தரம் கிளிக் ஆகிற மவுஸ் ஒன்று எங்கேயாவது கிடக்கும், அதை எடுங்கள். அடியில் ஸ்டிக்கருக்குக் கீழே ஸ்குரூ இருக்கும். உள்ளே இரண்டு பட்டனுக்கும் கீழே சின்னச் சதுரப் பெட்டி மாதிரி இரண்டு சுவிட்ச், அநேகமாக இரண்டும் ஒரே வகை. இடது தேய்ந்திருக்கும், வலது புதுசு மாதிரி இருக்கும். இரண்டையும் கழற்றி இடம் மாற்றிச் சோல்டர் பண்ணுங்கள். தங்கச்சியிடம் அயனைக் கொடுங்கள், டோர்ச்சை நீங்கள் பிடியுங்கள்.